ராஜகுமாரியின் காலடி மண்

ராஜகுமாரியின் வாயை வைத்து அண்ணனூரில் இரண்டு கட்சி நடத்தலாம். இது புகார் இல்லை, ஊரே ஒப்புக்கொண்ட உண்மை. மின்சார ரயில்கள் வந்து நிற்கும் ஷெட்டுக்குப் பின்தெருவில் அவள் வீடு. முன்னறையில் தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி. வாசல் பலகையில் 'பிளவுஸ், சுடிதார், ஃபீடிங் நைட்டி' என்று எழுதியிருக்கும். முதல் இரண்டும் பேருக்குத்தான். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்தும் அம்பத்தூர் அடுக்குமாடிகளிலிருந்தும் பெண்கள் அவளைத் தேடி வருவது மூன்றாவதற்காக.

கடையில் விற்கிற ஃபீடிங் நைட்டியைப் பற்றி அவளிடம் மறந்தும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்றைக்கு வேறு வேலைக்குப் போக முடியாது. "நடு நெஞ்சுல ஒரே ஒரு ஜிப்பு வெச்சிக்கிறான். தொறந்தா புள்ள கன்னத்துல கீறுது, தொறக்காங்காட்டி பாலு எப்டிமா குடுக்கறது? இத்த தச்சவன் சத்தியமா ஆம்பளதான்" என்பாள். அவள் தைப்பதில் இரண்டு பக்கமும் மடிப்புக்குள் திறப்பு இருக்கும். ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் விலக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண நைட்டிதான்.

பிறந்தது கள்ளிக்குப்பம். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தாள். மூத்த பையன் பிறந்த மூன்றாம் மாதமே மெஷினுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மதியத்துக்குள் ஜாக்கெட் நனைந்துவிடும். கம்பெனி பாத்ரூமில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து காலர் தைப்பாள். வீட்டில் பையன் பவுடர் பால் குடித்துக்கொண்டிருப்பான். அவன் நன்றாகவே வளர்ந்தான். இன்றைக்கு அவனை அண்ணாந்து பார்த்துத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்தக் கொட்டிய பால் அவளுக்கு ஆறவே இல்லை. இரண்டாவதாகப் பெண் பிறந்ததும் கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மெஷினை வீட்டில் போட்டுக்கொண்டாள். கணவர் உத்தமன் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டில் இன்னொருவர் பேசுவதற்கு இடமும் கிடையாது.

நைட்டிக்கு அளவு கொடுக்க நிற்கும்போது பெண்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். பால் போதவில்லை, காம்பு புண்ணாகிவிட்டது, பிள்ளை விடாமல் அழுகிறது, மாமியார் பவுடர் டப்பாவைத் திற என்கிறார். இதெல்லாம் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ராஜகுமாரி காதில் விழும். விழுந்தால் அவள் சும்மா இருப்பாளா? சுகாதார நிலையத்து நர்ஸிடம் போய் நின்றாள். அந்த நர்ஸ் ஒரு நல்ல மனுஷி. "ஆஸ்பத்திரியிலேர்ந்து போகும்போது எல்லாரும் தாய்ப்பால்தான் கொடுக்கறாங்க. மூணாம் மாசம் கேட்டா பாதிப் பேர் நிறுத்திட்டேன்றாங்க. நடுவுல என்ன ஆகுதுன்னு எங்களுக்குத் தெரியறதில்ல. எல்லாரும் உங்ககிட்டதானே வராங்க, நீங்க பாருங்களேன்" என்று சொல்லித் தன்னார்வலர் பயிற்சியில் உட்கார வைத்தார். பிள்ளையின் வாய் எவ்வளவு திறக்க வேண்டும், தாடை எங்கே பட வேண்டும், எப்போது டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும் என்று ராஜகுமாரி எல்லாம் கற்றுக்கொண்டாள். வெட்டிப்போட்ட துணியில் ஒரு பொம்மைப் பிள்ளையும் தைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்டுக்கொண்டு வருகிற வழியில் தாய்மார்கள் ராஜகுமாரி வீட்டு முன்னறையில் வந்து பாய் விரித்து உட்கார்வது என்று ஏற்பாடாயிற்று. காஜா எடுக்கவும் கொக்கி வைக்கவும் அவளோடு இருக்கும் துலுக்கானம் எல்லாருக்கும் டீ போடுவாள். துலுக்கானமும் அந்தத் தெருக்காரிதான், ராஜகுமாரியைவிடச் சின்னவள்.

ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சங்கடம். பிள்ளைக்குப் பசி வந்ததும் ஒவ்வொருத்தியும் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். கல்யாண வீட்டில் சண்டை போட்டுக்கொண்ட சொந்தக்காரர்கள் மாதிரி அறை முழுக்க முதுகுகளாக இருக்கும். வெட்கம் ஒரு பக்கம் என்றாலும் பெரிய காரணம் கண். பால் கொடுக்கும்போது அடுத்தவள் பார்த்துவிட்டால் பால் வற்றிவிடும். நிறையப் பால் உள்ளவள் இல்லாதவள் கண்ணுக்குப் பயந்தாள். இல்லாதவளோ, அவளுக்கு ஏதாவது ஆனால் நம் தலையில் விடியுமே என்று பயந்தாள். படித்தவள், படிக்காதவள், மசூதிக்குப் போகிறவள், மாதா கோயிலுக்குப் போகிறவள் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. ராஜகுமாரி துணிப் பொம்மையை மார்பில் வைத்துத் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுப்பாள். எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்புவார்கள். துப்பட்டாவுக்குள் என்ன நடக்கிறது என்பது சுவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு புதன்கிழமை அகல்யா முதன்முதலாக வந்தாள். அண்ணனூரிலேயே நான்காவது மாடி ஃபிளாட்டில் இருப்பவள். கணவன் ஸ்ரீராம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். இரண்டு பேரும் அருப்புக்கோட்டைப் பக்கம். அகல்யாவின் அம்மா அவள் காலேஜில் படிக்கும்போதே இறந்துவிட்டதால் பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லை. மாமியார் வசந்தகுமாரியே ஊரிலிருந்து வந்து எல்லாம் பார்த்தார். பூண்டுக் குழம்பு, கருவாடு, முருங்கைக் கீரை என்று அந்த அம்மாள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரே சட்டம், பால் கொடுக்கும்போது படுக்கையறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். உள்ளே யாரும் போகக் கூடாது, தானும் போகமாட்டார்.

அன்றைக்குத்தான் குழந்தைக்கு ஒன்றரை மாதத்துத் தடுப்பூசி. எடை போட்ட டாக்டர் முகத்தைச் சுளித்தார். ஏற வேண்டிய எடை ஏறவில்லை. "குழந்தைக்கு வேற கோளாறு எதுவும் இல்ல. சரியா உறிஞ்சிக் குடிக்கறானான்னு யாராவது பக்கத்துல உக்காந்து பாக்கணும். அடுத்த புதன் கொண்டு வாங்க. அப்பவும் ஏறலன்னா பவுடர் சேர்த்துக் கொடுத்துத்தான் ஆகணும்" என்றார். அவர் சொன்னது நியாயம். ஸ்ரீராமும் பயந்துபோய் ஒரு டப்பாவை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டான்.

நைட்டிக்கு அளவு எடுக்கும்போது அகல்யா சொன்னாள். "டப்பா தப்புன்னு சொல்லலக்கா. தேவைன்னா கொடுத்துதான் ஆகணும். ஆனா என்னால முடியும்னு எனக்குத் தோணுது. என்ன தப்புன்னே தெரியாம நிறுத்திட்டா எனக்கு ஆறவே ஆறாதுக்கா."

ராஜகுமாரியின் கையில் டேப் அப்படியே நின்றது. அவளுக்கு இதற்குமேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பெண் புதன்கிழமைக்குள் பால் கொடுக்கப் பழகியாக வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிக்கொண்டாள்.

முடிவு கட்டியவள் வாயையும் கட்டியிருக்கலாம். அளவெடுத்துவிட்டுத் திரும்பினால் எதிர்ச் சுவரோரம் நிஷாவின் துப்பட்டா நழுவிக் கிடந்தது. நிஷா ஆவடி குவார்ட்டர்ஸ் பெண், முகமது ஆசிக்கின் மனைவி. அவள் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடிக்கிறது. மறுபக்கம் பால் தானாகச் சொட்டி நைட்டி நனைகிறது. நல்ல தையலைப் பார்த்தால் வாயைத் திறந்துவிடுகிறவள் ராஜகுமாரி, இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

"ஐயோ, இங்க பாருங்கடி! நிஷாக்கு ஊத்து மாதிரி ஊத்துது! ரெண்டு புள்ளைக்குத் தாராளமா குடுப்பா போல கீதே!"

அறை கப்சிப்பென்று ஆகிவிட்டது. நிஷா துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். துலுக்கானம் ஊசியை விரலில் குத்திக்கொண்டு "யக்கா..." என்றாள். வெளியே விட்ட சொல்லை எந்தத் தையல்காரி பிரிக்க முடியும்?

மறுநாள் நிஷாவுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. மார்பில் ஒரு பக்கம் கல்லாக இறுகிச் சிவந்துவிட்டது. ஆசிக் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். இது பல பேருக்கு வருவதுதான், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அந்தப் பக்கமும் விடாமல் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. பேச்சு ஏறத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை காலை துலுக்கானம் வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "யக்கா, ஊரே உன்னியப் பத்திதான் பேசிக்கினு கீது. கொள்ளிக் கண்ணாம் உனுக்கு."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லல? குவார்ட்டர்ஸ்ல, ஃபிளாட்டுல, தண்ணி லாரிகிட்ட, எல்லாத்துலயும் இதே பேச்சுதான். இனிமே புதன்கெழம ஒருத்தியும் வரமாட்டா, பாத்துக்கினே இரு."

ராஜகுமாரி நிஷாவுக்குப் போன் செய்தாள். "நான் ஒண்ணும் நெனைக்கலக்கா. மாமிதான் மொளகா சுத்திப் போட்டாங்க. இப்ப பரவால்ல" என்றாள் நிஷா. நல்ல பெண். ஆனால் ராஜகுமாரியின் கவலை நிஷாவைப் பற்றியது அல்ல. புதன்கிழமைக்குள் அகல்யாவின் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். கொள்ளிக் கண் என்று பேர் வாங்கியவளை வசந்தகுமாரி அம்மாள் படியேற விடுவாரா?

போய்ப் பார்த்துவிடுவது என்று அன்றைக்குச் சாயங்காலமே கிளம்பினாள். மதியம் பெய்த மழையில் தெரு சேறாகிக் கிடந்தது. நான்காவது மாடிக் கதவுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள். வசந்தகுமாரி சிரித்த முகமாகத்தான் வரவேற்றார். "வாம்மா, உக்காரு. காப்பி கொண்டாரேன்" என்று போனவர், குப்பை வைக்கப் போவதாகச் சொல்லி வாசலுக்கும் ஒரு நடை போய்விட்டுக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். காபி மணமாக இருந்தது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

"கொழந்த எப்டி கீறான்மா?"

"தூங்குறான்" என்றார் வசந்தகுமாரி.

சாத்திய கதவுக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டு அழுதது. கொஞ்சம் அடங்கியது, மறுபடி அழுதது. வாயில் எடுப்பதும் விடுவதுமாக, கிடைக்காத கோபத்தில் அழுகிற அழுகை. பயிற்சியே இல்லாதவளுக்கும் அது புரியும். ராஜகுமாரிக்குக் கால் தானாக எழுந்தது. வசந்தகுமாரி நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, அவளுக்கும் கதவுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்துகொண்டார். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

காபியைக் குடித்துவிட்டு ராஜகுமாரி வெளியே வந்தாள். செருப்பைப் போடக் குனிந்தவள் நின்றுவிட்டாள். ஒரு செருப்பில் சேறு வந்தபடியே அப்பியிருந்தது. இன்னொன்றின் அடிப்பகுதி மட்டும் கரண்டியால் வழித்ததுபோலச் சுத்தமாக இருந்தது.

கண் வைத்தவள் என்று சந்தேகப்படுகிறவளின் காலடி மண்ணை அவளுக்குத் தெரியாமல் எடுத்து, மிளகாய் உப்போடு சுற்றி நெருப்பில் போடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். டைல்ஸ் போட்ட நான்காவது மாடியில் காலடி மண்ணுக்கு எங்கே போவது? அந்த அம்மாள் செருப்பில் வழித்துவிட்டார்.

வீடு வரைக்கும் ராஜகுமாரிக்குக் காது சூடாகவே இருந்தது. அவமானம், கோபம், இரண்டும்தான். எத்தனை பேருக்குப் பால் வர வழி சொல்லியிருக்கிறாள், அவள் செருப்பை வழிப்பதா? உத்தமன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். உத்தமன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு செருப்புதான் வழிச்சாங்களா? இன்னொண்ண ஏன் வுட்டாங்க?" என்றார்.

ராஜகுமாரி அவரை முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்படி ஒரு கேள்வியை அந்த மனுஷனால்தான் கேட்க முடியும். அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு வழியும் கிடைத்தது.

மறுநாள் காலை வசந்தகுமாரி கதவைத் திறந்தபோது ராஜகுமாரி இரண்டு காகிதப் பொட்டலங்களோடு நின்றாள்.

"இந்தாங்கம்மா. இது வலது காலு, இது எடது காலு. நேத்து நீங்க எடுத்துக்கினது ஒரு காலுதான். அது பத்தாது."

வசந்தகுமாரிக்கு முகம் செத்துவிட்டது. "ஏத்தா... நான்..." என்று தடுமாறினார். ராஜகுமாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார வைத்தாள்.

"கோவத்துல வரலம்மா. என் வாய் அப்டித்தான், பேசனது தப்புதான், நல்லா சுத்திப் போடுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். என் ஒருத்தி கண்ணுக்கு சுத்திட்டீங்க. அன்னிக்கு ரூமுல இருந்த மத்த பொம்பளைங்க கண்ணு? லிஃப்ட்ல பாத்தவங்க கண்ணு? யாரு காலடியன்னு தேடிப் போவீங்க?"

"கண்ணு பொல்லாததும்மா. ஒனக்குத் தெரியாது" என்றார் வசந்தகுமாரி. குரல் இறங்கியிருந்தது. "பட்டவளுக்குத்தான் தெரியும்."

"அதனாலதான் சொல்றேன். நாளிக்கு ஞாயித்துக்கெழம, சுத்தறதுக்கு நல்ல நாளு. எங்க ஊட்டுக்கு வாங்க. வர ஒவ்வொருத்தியும் வாசல்லயே அவ காலடி மண்ண எடுத்துத் தட்டுல போடணும். மொத்தத்தையும் ஒண்ணா சேத்து, எல்லாக் கொழந்தைக்கும் ஒண்ணா சுத்திப்புடலாம். அப்பறம் யாரு கண்ணு யார இன்னா பண்ணும்? ஆனா நீங்கதாம்மா சுத்தணும். எங்களுக்கெல்லாம் மொறையா சுத்தத் தெரியாது."

இப்படி ஒரு அழைப்பை வசந்தகுமாரி எதிர்பார்க்கவில்லை. பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படுக்கையறைக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. இடுக்கில் அகல்யாவின் முகம் தெரிந்தது. அத்தையைப் பார்த்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள்.

"மொளகா நான் கொண்டாரேன்" என்றார் வசந்தகுமாரி. "இங்கத்த மொளகாயில காரமே இல்ல."

குவார்ட்டர்ஸ், ஃபிளாட், தண்ணி லாரி என்று ஓர் இடம் விடாமல் துலுக்கானம் சொல்லிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராஜகுமாரி வீட்டு வாசலில் ஒரு பித்தளைத் தட்டு இருந்தது. அவளே முதலில் எல்லாருக்கும் முன்னால் செருப்பைக் கழற்றிக் கவிழ்த்து மண்ணை வழித்துப் போட்டாள். ஆசிக்கின் பைக்கில் வந்து இறங்கிய நிஷா தன் செருப்பைக் கழற்றி அதன் மேலே தட்டினாள். கண் வைத்தவள் என்று பேச்சு வாங்கியவளும், கண் பட்டவள் என்று பேச்சு வாங்கியவளும் ஒரே தட்டில் போட்டுவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்களுக்கு அப்புறம் என்ன? ஒவ்வொருத்தியாகச் செருப்பைக் கழற்றினாள். ஃபிளாட்டுக்காரப் பெண் ஒருத்தியின் செருப்பில் தூசிகூட இல்லை. "லிஃப்டுல எறங்கி, கார்ல ஏறி வந்தா மண்ணு எங்கேந்து வரும்? தெருமொன வரிக்கும் ஒரு நட நடந்துட்டு வாம்மா" என்று துலுக்கானம் அவளைத் துரத்திவிட்டாள்.

குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். வசந்தகுமாரி மிளகாயும் உப்பும் மண்ணும் சேர்த்த தட்டைத் தூக்கிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்தார். "தெருக் கண்ணு, மாடிக் கண்ணு, வந்த கண்ணு, வராத கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ராஜகுமாரிக்கு நேரே வந்ததும் நின்று, "தையக்காரக் கண்ணு" என்றார். அறையே சிரித்தது. ராஜகுமாரிதான் முதலில் சிரித்தாள். ஒவ்வொருத்தியும் தட்டில் துப்பினாள்.

ஒரு குழந்தை சிணுங்கியது. அடுத்தது அழுதது. நிஷா உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல் நைட்டியை விலக்கிப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். துப்பட்டா இல்லை. அவளைப் பார்த்து இன்னொருத்தியும் அப்படியே செய்தாள். அகல்யா மட்டும் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"அதான் சுத்தியாச்சுல்ல? இங்கிட்டுத் திரும்பு" என்றார் மாமியார்.

அகல்யா திரும்பினாள். குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டாள். அது கழுத்தை மட்டும் ஒருபக்கம் திருப்பி எட்டிப் பிடிக்கப் பார்த்தது. எட்டவில்லை என்று அவள் தோளைக் குறுக்கிக் குனிந்துகொண்டாள். பிள்ளை காம்பின் நுனியைப் பிடித்தது, விட்டது, வீறிட்டது. ராஜகுமாரிக்கு எல்லாம் ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. வாய் வரைக்கும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அந்த நேரத்தில் பேசாமல் இருந்ததுதான்.

எதிரே இருந்த நிஷா சொன்னாள். "அகல்யா, அவன் கழுத்தத் திருப்பிக்கிட்டு எப்படி முழுங்குவான்? நீங்க அப்படித் திரும்பிக்கிட்டு தண்ணி குடிச்சுப் பாருங்களேன். என் பையனப் பாருங்க, அவன் வயிறு என் வயித்து மேல ஒட்டியிருக்கு."

எல்லாரும் பார்த்தார்கள். வசந்தகுமாரியும் பார்த்தார். நிஷாவைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், மறுபடி நிஷாவைப் பார்த்தார். ஒரு தாய் பால் கொடுப்பதை இத்தனை வயதுக்கு அவர் முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தட்டைக் கீழே வைத்தார். அகல்யாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேரனை உடம்போடு சேர்த்து மெதுவாக அவள் பக்கம் திருப்பினார். "நீ குனியாத. புள்ளய மேல கொண்டா" என்றார்.

அப்போது ராஜகுமாரி வாயைத் திறந்தாள், அளவாக. "வாய பெரிசாத் தொறக்கற வரிக்கும் பொறு. அவசரப்படாத. இப்ப... இப்ப அண."

குழந்தை வாய் நிறையப் பிடித்தது. முதலில் வேகமாக உறிஞ்சியது. பிறகு தாடை மெதுவாக இறங்கி ஏறியது. தொண்டையில் முழுங்குகிற சத்தம் கேட்டது. அகல்யா தலையை நிமிர்த்தி, "முழுங்கறான்" என்றாள். "அத்தை, வலிக்கவே இல்ல. முழுங்கறான்."

வசந்தகுமாரி தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். துலுக்கானம் தெருவோரம் கரி மூட்டி வைத்திருந்தாள். மிளகாயும் மண்ணும் நெருப்பில் விழுந்ததுதான் தாமதம், அருப்புக்கோட்டைக் காரம் கிளம்பித் தெருவையே தூக்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் இருமினார். துலுக்கானம் தும்மினாள். ராஜகுமாரி உள்ளே நெடி போகாமல் கதவைச் சாத்திவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாக்கா இது, இந்த நெடி அடிக்குது?" என்றாள் துலுக்கானம் இருமலுக்கு நடுவே. "கண்ணு பட்டிருந்தா நெடியே வராதுன்னுதான சொல்லுவாங்க? அப்ப யாரு கண்ணும் படலியா?"

வசந்தகுமாரி நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுதார். புகையால் அல்ல, நிஜமாகவே அழுதார்.

"ஸ்ரீராமுக்கு நானும் இப்படித்தேன் மல்லாக்கப் போட்டுக் குடுத்தேன்" என்றார். "கதவச் சாத்திக்கிட்டு, செவரப் பாத்துக்கிட்டு. ஒரு மாசத்துல பால் நின்னுபோச்சு. பக்கத்து வீட்டுக்காரி கண்ணு வச்சுட்டான்னு சொன்னாக. அவ பாவம், ஒரு தடவ எட்டிப் பாத்தா, அவ்வளவுதேன். எனக்கு ஒருத்தரும் காட்டித் தரலத்தா. நான் யாரையும் பாக்க விடவும் இல்ல."

ராஜகுமாரி அந்த அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பெனி பாத்ரூமில் கொட்டிய பால் அவளுக்கும் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து ஃபிளாட்டில் படுக்கையறைக் கதவு சாத்தப்படவில்லை. ராஜகுமாரி தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை நனைக்கிற துணிகளைக் கொடியில் பார்த்து, பால் சேர்கிறது என்று சந்தோஷப்பட்ட ஒரே மாமியார் அந்தக் கட்டடத்தில் வசந்தகுமாரியாகத்தான் இருப்பார்.

புதன்கிழமை சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம். குழந்தையை எடை மெஷினில் படுக்க வைத்தபோது அகல்யா கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் முள்ளைப் பார்த்தார், போன வாரத்தைப் பார்த்தார். "ஏறியிருக்கு. நல்லாவே ஏறியிருக்கு. டப்பா வேண்டாம், இப்படியே கொடுங்க. அடுத்த வாரமும் வந்து காட்டிட்டுப் போங்க" என்றார். அகல்யா டாக்டருக்கு நன்றி சொல்லவும் மறந்து ராஜகுமாரியைக் கட்டிக்கொண்டாள். "நான்தான் அக்கா கொடுத்தேன், நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ராஜகுமாரிக்குத் தலை கால் புரியவில்லை. கூட்டத்தைப் பார்த்து ஏதோ கத்திச் சொல்ல வாயைத் திறந்தாள். துலுக்கானம் அவள் இடுப்பில் கிள்ளினாள்.

வராண்டா பெஞ்சில் அகல்யா தெருவைப் பார்த்த மாதிரியே உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். மறைப்பதற்கு வசந்தகுமாரி முந்தானையை விரிக்கவில்லை. அதே பெஞ்சின் கோடியில் வயது குறைந்த ஒரு பெண், தலைப்பிள்ளைக்காரி, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவுக்குள் குழந்தை வாயில் எடுப்பதும் விடுவதுமாக அழுதுகொண்டிருந்தது. ராஜகுமாரி அவளிடம் போக எழுந்தாள். அதற்குள் வசந்தகுமாரி எழுந்து போய்விட்டார். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டார்.

"இங்கிட்டுத் திரும்புத்தா" என்றார். "நாங்க பாக்குறோம்."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு திரும்பி உட்கார்ந்தாள்.